ராத்திரி கண்மாயில் தூண்டில் போடும்போது போலீஸ் வந்தால்: சட்டம் என்ன சொல்கிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்கள் ஒவ்வொன்றாகப் பெருகும். மறுகால் போகும் கலுங்கில் ஏற்று மீன் துள்ளும். கெளுத்தியும் விலாங்கும் இருட்டிய பிறகுதான் இரை தேடக் கிளம்பும் என்பதால், தூண்டில்காரர்களும் ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் கரைக்கு வருவார்கள். தலையில் ஒரு லைட், கையில் மண்புழு டப்பா, வண்டியில் ஒரு சாக்கு. ரோந்து ஜீப்பும் அந்த நேரத்தில்தான் கரைப் பாதையில் வரும். பெயரும் ஊரும் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு, சில சமயம் ஸ்டேஷன் வாசலில் விடியும்வரை நீண்டுவிடுகிறது. போலீஸுக்கு இந்த இடத்தில் எதுவரை அதிகாரம், நமக்கு என்ன உரிமை என்று தெரிந்திருந்தால் இந்த அலைச்சலில் பெரும்பாதியைத் தவிர்த்துவிடலாம்.

முதலில் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடப்பில் இருக்கின்றன. வக்கீல்கள் சுருக்கமாக பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். கீழே வரும் பிரிவு எண்கள் இந்தப் புதிய சட்டங்களில் உள்ளவை.

போலீஸ் ஏன் நிறுத்துகிறது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் தெருத் தெருவாகப் பெரிய வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கின்றன. நிலைக்கதவு, மரத்தூண், பழைய பாத்திரம் எல்லாவற்றுக்கும் வெளியூரில் விலை உண்டு. கண்மாய்க்குள் சவுடு மண் அள்ளுகிறவர்களும் இரவில்தான் வருகிறார்கள். ஆகவே நள்ளிரவில் சாக்கும் லைட்டுமாக நிற்கிறவரை யார், என்ன என்று கேட்பது ரோந்துக் காவலரின் வேலை. கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் இரவில் கண்மாய்க் கரையில் இருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பி.என்.எஸ்.எஸ். 163-ன் கீழ் தடை உத்தரவு போட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. பழைய 144 இதுதான். அக்டோபர் கடைசியில் மருது பாண்டியர் குருபூஜை, தேவர் குருபூஜை நாட்களில் சிவகங்கை மாவட்டத்தில் இப்படி உத்தரவு வருவது வழக்கம். மழையும் மீனும் வரும் பருவம் அதுவே என்பதால், அந்த வாரத்தில் கூட்டமாகக் கிளம்புவதற்கு முன் உத்தரவில் என்ன தடை செய்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, ஜீப் வெளிச்சத்தைப் பார்த்ததும் லைட்டை அணைத்துவிட்டுக் கருவைக்குள் ஓடுவது. பி.என்.எஸ்.எஸ். 128 (பழைய 109), பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் செய்யும் எண்ணத்தோடு ஒருவர் ஒளிந்து திரிவதாக நம்பக் காரணம் இருந்தால், நன்னடத்தைப் பிணை கேட்டு நடவடிக்கை எடுக்க வழி செய்கிறது. மீன் பிடிக்க வந்தவர் ஓடினால் அந்தக் காரணத்தை அவரே கொடுத்ததாக ஆகிவிடும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், கை தெரியட்டும், தூண்டிலையும் டப்பாவையும் காட்டுங்கள்.

பெயரும் முகவரியும்

இந்த விஷயத்தில் ஒரே ஒரு சேதியை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குற்றம் ஒன்றைக் காவலரின் கண்முன் செய்தவரோ, செய்ததாகப் புகாருக்கு ஆளானவரோ பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால், அல்லது பொய்யாகச் சொன்னதாக நினைக்கக் காரணம் இருந்தால், அதைத் தெரிந்துகொள்வதற்காகப் போலீஸ் அவரைக் கைது செய்யலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 39. பிடியாணையின்றிக் கைது செய்ய அதிகாரம் இல்லாத குற்றங்களுக்கான பிரிவு இது. சரியான விவரம் தெரிந்ததும் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் குற்றத்தை ஒருவர் காவலரின் கண்முன்னே செய்தாலும், பெயர், முகவரி தெரியாமல் இருந்து, கேட்டும் சொல்லாவிட்டால் அல்லது சொன்னதில் சந்தேகம் இருந்தால்தான் பிடியாணையில்லாத கைது.

அதாவது, உண்மையான பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்லிவிட்டால், சின்ன விஷயத்தில் பிடித்து வைப்பதற்கான முக்கியக் காரணம் போய்விடுகிறது. "சார், என் பேரு இது, அப்பா பேரு இது, கோட்டையூர்ல இந்தத் தெரு, கெளுத்திக்குத் தூண்டில் போட்டிருக்கேன்" என்று சொன்னால் போதும். ஆதார் நகலோ போனில் அதன் படமோ இருந்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடியும். வண்டியில் வந்திருந்தால், சீருடையில் உள்ள காவலர் கேட்கும்போது லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருந்தால் அது தனி வழக்கு. மீன் பேச்சு அதிலிருந்து காப்பாற்றாது.

மீன் யாருடையது?

அடுத்த கேள்வி இதுதான், இதில்தான் சிக்கல் அதிகம். பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையின் கீழும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழும் இருக்கின்றன. பலவற்றில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போகிறது. குத்தகைக் கணக்கு பெரும்பாலும் பசலி ஆண்டுப்படி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார், கடன் வாங்கியும் போட்டிருப்பார். அந்தக் கண்மாயில் கேட்காமல் வலை விரிப்பது அவர் வயிற்றில் அடிப்பது. பல ஊர்களில் வீட்டுக் குழம்புக்கு ஒற்றைத் தூண்டில் போடுகிறவரைக் குத்தகைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். அது அவருடைய பெருந்தன்மை. உரிமை என்று போலீஸிடம் வாதாட முடியாது. கோடையில் தண்ணீர் வற்றி, ஊர் கூடி வெள்ளைத் துண்டு வீசி மீன்பிடித் திருவிழா நடத்தும்போது ஊத்தாவும் கச்சாவுமாக எல்லோரும் இறங்குவது வேறு. அங்கே ஊரின் சம்மதம் இருக்கிறது.

அடைபட்ட குளத்தில் வளர்த்த மீனை ஒருவரின் உடைமையாகவும், திறந்த நீரில் தானாக வந்து சேரும் மீனை அப்படி இல்லாததாகவும் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகவே பிரித்துப் பார்த்து வந்திருக்கின்றன. ஆகவே எல்லா மீனும் திருட்டு ஆகாது. திருட்டு என்றே வைத்துக்கொண்டாலும் பி.என்.எஸ். 303(2)-ஐ முழுதாகப் படிக்க வேண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறையாகத் தண்டனை பெறுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணையில் இந்த வகைத் திருட்டு பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாதது, ஜாமீன் தரத்தக்கது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதைப் புலன் விசாரணை செய்யவும் முடியாது என்கிறது 174-ஆவது பிரிவு. ஒரு சாக்கு ஜிலேபி மீனுக்காக இரவெல்லாம் ஒருவரை உட்கார வைப்பதற்கு இங்கே இடமே இல்லை.

ஆனால் வேலி போட்ட தனியார் பண்ணைக் குட்டைக்குள் திருடும் நோக்கத்தோடு இறங்கினால் அத்துமீறி நுழைந்த குற்றமும் சேரும். அதில் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் உண்டு. காவலாளியை அடித்தாலோ கத்தியைக் காட்டினாலோ விஷயம் கொள்ளைக் குற்றம் வரை போகும். அப்புறம் மேலே சொன்ன சலுகை எதுவும் கிடையாது.

குத்தகைக்காரர் வைத்த காவல் ஆட்கள் விஷயம் அடிக்கடி கேள்வியாக வருகிறது. அவர்கள் போலீஸ் இல்லை. தனி ஆள் ஒருவரைப் பிடிக்கலாம் என்று சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 40, தன் கண்முன்னே நடந்த, ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கும், நீதிமன்றம் தேடப்படுபவராக அறிவித்தவருக்கும் மட்டுமே பொருந்தும். அப்படிப் பிடித்தாலும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். தூண்டில்காரரை மரத்தில் கட்டி வைப்பதும் போனைப் பிடுங்குவதும் அவர்கள் செய்யும் குற்றங்கள். குத்தகை கிடைத்தது மீனுக்கு. கரையில் நடப்பதையோ மாடு தண்ணீர் குடிப்பதையோ அதைக் காட்டித் தடுக்க முடியாது.

பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை மட்டும் பொதுக் கண்மாயில் இறங்கக் கூடாது என்று விரட்டினால், அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி இதை யாரும் மூடி மறைக்கக் கூடாது.

எந்தச் சாக்குப்போக்கும் செல்லாத இடங்கள்

தோட்டா போட்டு மீன் பிடிப்பதும் விஷம் கலப்பதும் 1897 மீன்வளச் சட்டப்படி குற்றம். பொதுக் கண்மாய்த் தண்ணீரைக் கெடுப்பது பி.என்.எஸ். 279-இலும் வரும்: ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டுத் தண்ணீரில் கரண்ட் விடுவது மின்சாரத் திருட்டு, அதைவிடவும் உயிர்ப் பலி. இருட்டில் அதே தண்ணீருக்குள் இன்னொருவர் நின்றுகொண்டிருக்கலாம். இதற்கு எந்தப் பரிவும் காட்ட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிபட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே அனுமதியில்லாமல் இறங்கினால் வனத்துறை வழக்கு, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். எந்தக் கண்மாயிலானாலும் வலையில் ஆமை சிக்கினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். நம் குளங்களில் காணப்படும் மென்மையான ஓட்டு ஆமை அந்த வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டது. சாக்கில் மீனோடு ஆமையும் இருந்தால் வழக்கின் கனமே மாறிவிடும்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

2025 ஜூனில் இதே சிவகங்கை மாவட்டத்தில், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் ஒரு திருட்டுப் புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, போலீஸ் காவலில் இறந்தார். போலீஸார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதற்குப் பிறகு "சும்மா விசாரிச்சுட்டு விட்டுருவோம், ஏறு" என்ற சொல்லைக் கேட்டால் நம் வீடுகளில் வயிறு கலங்குவது இயல்பு. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்ற சந்தேகம் இருந்து, ஆனால் கைது தேவையில்லை என்றால், பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இன்ன நாளில் வா என்று சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸ்படி போய் வருகிறவரை, காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. "நோட்டீஸ் கொடுங்க சார், காலையில் கட்டாயம் வந்துடுறேன்" என்று பணிவாகக் கேட்பது எதிர்ப்பு ஆகாது.

கைது என்றால் (அடைப்புக்குள் இருப்பவை பி.என்.எஸ்.எஸ். பிரிவு எண்கள்), காவலரின் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் (36). என்ன காரணம் என்று சொல்ல வேண்டும், ஜாமீன் தரத்தக்க குற்றமானால் அதையும் சொல்ல வேண்டும் (47). வீட்டுக்கோ நண்பருக்கோ உடனே தகவல் போக வேண்டும் (48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் (38). மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் (53). டாக்டரிடம் அடி பட்ட இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (58). இது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவிலும் இருக்கிறது.

மடையில் அயிரை அள்ளப் போகும் பெண்களை, சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை, விதிவிலக்கான நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரி செய்தால் ஒழிய, கைது செய்யக் கூடாது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் 60 வயது தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். 18 வயது ஆகாத பையன்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது. அவர்கள் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும், அப்பா அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும்.

வலை, தூண்டில், வண்டி, போன் எதை எடுத்தாலும் மகஜர், அதாவது எடுத்த பொருட்களின் பட்டியல், எழுத வேண்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105. அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். வழக்கு முடியும்வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க வேண்டியதில்லை, இடைக்காலமாகத் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மீன் பிடித்ததற்கு "ஃபைன்" என்று கரையில் ரசீது இல்லாமல் காசு வாங்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. குற்ற வழக்கில் அபராதம் விதிப்பது நீதிமன்றம்.

முறைகேடு நடந்திருந்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தேதி, நேரம், கண்மாய் பெயர், ஜீப் எண், பேட்ஜில் இருந்த பெயர் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வைத்தால்தான் பின்னால் நிற்கும். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த இரவின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு அனுப்ப வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானச் சான்று எதுவும் இல்லாமலே வக்கீல் கிடைப்பார்.