கீழே இருக்கும் அந்தக் கழித்தல் குறி

பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் படித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் ஏதோ ஒரு மூலையில் ஞாபகம் இருக்கும்:

டேன்(அ + இ) = (டேன் அ + டேன் இ) ÷ (1 − டேன் அ × டேன் இ)

மேலே கூட்டல், கீழே கழித்தல். பரீட்சை அவசரத்தில் கீழேயும் கூட்டல் போட்டுவிட்டு மார்க்கைப் பறிகொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குத் தப்பாக எழுதியது என்ன என்பது பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. வேகங்களை எப்படிக் கூட்ட வேண்டும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன விதியின் வடிவம் அச்சு அசலாக அதுதான். (இதைச் சொல்லி மறுமதிப்பீடு கேட்க முடியாது. கேள்வி கோணத்தைப் பற்றியது.)

இது தற்செயல் ஒற்றுமை இல்லை. ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் இருந்தால் ஏன் என்று பார்த்துவிடலாம்.

டேன் என்றால் சாய்வு. ஒரு சாய்பலகை கிடையாக 2 கட்டம் போவதற்குள் 1 கட்டம் ஏறினால் அதன் டேன் 1/2. அந்தப் பலகையின் மேல் ஓர் ஆப்பை வைக்கிறோம். ஆப்பின் சாய்வு 1/3. ஆப்பின் மேல்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கும்? 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 5/6 என்று சொல்லத் தோன்றும். வரைந்து பாருங்கள். பலகை வழியாகப் போவது என்றால் 2 கட்டம் வலது, 1 கட்டம் மேலே. ஆப்பின் அடிப்பக்கம் மூன்று பங்கு என்பதால் அதை மூன்று முறை செய்ய வேண்டும்: 6 வலது, 3 மேலே. இனி ஆப்பின் உயரமான ஒரு பங்கு ஏற வேண்டும். ஆனால் ஆப்புக்கு ‘மேலே’ என்பது நமக்கு மேலே இல்லை, பலகைக்குச் செங்குத்தான திசை. பலகை சாய்ந்திருப்பதால் அந்தத் திசையும் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது: 2 மேலே போகும்போது 1 கட்டம் இடதுபக்கம் நழுவுகிறது. மொத்தத்தில் 5 வலது, 5 மேலே. சாய்வு 5/5, அதாவது 1. கோணம் சரியாக 45 பாகை.

சூத்திரத்தில் போட்டாலும் இதேதான் வரும்: மேலே 5/6, கீழே 1 − 1/6. நாம் மனப்பாடம் செய்த கழித்தல் குறி, பின்னால் நழுவிய அந்த ஒரு கட்டம்தான்.

சரி, இப்போது அதே தாளில் அச்சுகளின் பெயரை மாற்றுவோம். கிடை அச்சு நேரம், நிலை அச்சு தூரம். சாய்வு என்பது இப்போது வேகம். ஒரு கட்ட நேரத்தில் ஒளி ஒரு கட்ட தூரம் போகும்படி அளவுகோலை வைத்துக்கொண்டால், ஒளியின் பாதை 45 பாகையில் ஒரு நேர்கோடு. ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தில் ஒரு விண்கலம் போகிறது. அதன் சாய்வு 1/2. கலத்துக்குள் இருப்பவர் முன்பக்கம் ஒரு குண்டைச் சுடுகிறார். அவர் அளந்தபடி குண்டின் வேகம், ஒளியில் மூன்றில் ஒரு பங்கு. தரையில் நிற்கும் நாம் என்ன வேகம் அளப்போம்?

நியூட்டனைக் கேட்டால் 5/6 என்பார். கலத்தின் பாதையில் 6 வலது, 3 மேலே. குண்டு கூடுதலாகப் போன தூரத்துக்கு நேராக 2 மேலே. வலதும் இல்லை, இடதும் இல்லை. கலத்தில் உள்ளவருக்கு ‘இந்த நொடி’ எதுவோ அதுவேதான் நமக்கும் ‘இந்த நொடி’ என்று நியூட்டன் எடுத்துக்கொள்கிறார். யாரும் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

ஒளிதான் இடிக்கிறது. கலத்துக்குள் குண்டுக்குப் பதிலாக டார்ச் அடித்தால், நியூட்டன் கணக்குப்படி அந்த ஒளி தரையிலிருந்து பார்க்க ஒன்றரை மடங்கு வேகத்தில் போக வேண்டும். போவதில்லை. யார் அளந்தாலும், எப்படி ஓடிக்கொண்டே அளந்தாலும், வெற்றிடத்தில் ஒளிக்கு ஒரே வேகம்தான். ஆக, கலத்தில் உள்ளவர் போடும் அச்சுகளுக்கும் அந்த 45 பாகைக் கோடு நடுக்கோடாகவே இருந்தாக வேண்டும். அவருடைய நேர அச்சு, அதாவது கலத்தின் பாதை, கீழிருந்து அந்தக் கோட்டை நோக்கி ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. அப்படியானால் அவருடைய தூர அச்சும் மேலிருந்து அதே அளவு அந்தக் கோட்டை நோக்கிச் சாய வேண்டும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் மூடிக்கொள்வது போல.

சாய்பலகையில் இரண்டு அச்சுகளும் ஒரே பக்கம் சுழன்றன. இங்கே எதிரெதிராகச் சுழன்று நெருங்குகின்றன. அதனால் குண்டு கூடுதலாகப் போன தூரம் ‘2 மேலே, 1 வலது’ என்று விழுகிறது. 6 வலது 3 மேலேயுடன் இதைச் சேர்த்தால் 7 வலது, 5 மேலே. வேகம் 5/7. ஐன்ஸ்டைனின் விதியும் இதையே சொல்கிறது: மேலே 5/6, கீழே 1 + 1/6.

மூன்று விடைகளிலும் மேலே இருப்பது அதே 5. கீழே ஒன்றில் 6 − 1, ஒன்றில் வெறும் 6, ஒன்றில் 6 + 1. முதலாவது நாம் நடமாடும் வெளியின் வடிவம், மூன்றாவது வெளியும் காலமும் சேர்ந்ததன் வடிவம். நடுவில் இருப்பது, வேகம் குறைவாக இருக்கும்வரை யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பிழை. எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அந்த ஒரு வலது கட்டம்தான். கலத்தில் உள்ளவர் ‘ஒரே நேரத்தில் நடந்தது’ என்று சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகள் நமக்கு ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்ற விபரீதம் முழுக்க அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

1908-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பேசிய ஹெர்மான் மின்கோவ்ஸ்கி, சார்பியல் என்ற ஐன்ஸ்டைனின் இந்தக் கோட்பாட்டை இப்படிப் படமாகப் பார்க்கலாம் என்று காட்டினார். மாணவன் ஐன்ஸ்டைனுக்குச் சூரிச்சில் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். வட்டத்தில் கோணத்தை அளந்தால் டேன். அதிபரவளையத்தில் அளந்தால் டேன்ஹெச் என்ற இன்னொரு சார்பு. டேன்ஹெச்சின் கூட்டல் சூத்திரத்தில் கீழே இருப்பது கூட்டல் குறி.

இதையெல்லாம் நாம் ஏன் உணர்வதில்லை? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலில் 5 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் நடந்தால், 105 வருவதில்லை, மயிரிழை குறைகிறது. மயிரிழை என்பதுகூட மிகை. ஒரு மணி நேரம் அப்படியே நடந்தாலும் (அவ்வளவு நீள ரயில் கிடைத்தால்) குறையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்துக்கும் கீழே.

ஆனாலும் ஒருவர் இந்தக் குறைவை அளந்துவிட்டார், அதுவும் ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு 28 வருடம் முன்பே. 1851-இல் பிரான்சின் ஃபிஸோ, குழாயில் வேகமாக ஓடும் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தினார், நீரோட்டத்தோடு ஒரு கதிர், எதிர்த்து ஒரு கதிர். தண்ணீரின் வேகம் நொடிக்கு ஏழு மீட்டர் அளவில் இருந்தது. தண்ணீர் தன் வேகம் முழுவதையும் ஒளிக்குக் கொடுக்கவில்லை, பாதிக்கும் குறைவாகவே கொடுத்தது. ஒளியைச் சுமப்பதாக நம்பிய ஈதர் என்ற ஊடகத்தைத் தண்ணீர் பாதி இழுத்துக்கொண்டு போகிறது என்று அதற்கு அப்போது விளக்கம் சொன்னார்கள். 1907-இல் மாக்ஸ் ஃபான் லாவே, ஈதரும் வேண்டாம் இழுப்பும் வேண்டாம், ஐன்ஸ்டைனின் விதியில் எண்களைப் போட்டாலே போதும் என்று காட்டினார். நாமும் போடலாம். தண்ணீரில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதைப் போல சுமார் 3/4. அதோடு நீரின் சிறிய வேகத்தை விதிப்படி கூட்டினால், சேர்வது அந்த வேகத்தில் 1 − 9/16, அதாவது 7/16. ஏழு மீட்டரில் மூன்று மீட்டர்தான் ஒளிக்குப் போய்ச் சேர்கிறது.

கூட்டல் சூத்திரம் மட்டும் இப்படி மாறி வரவில்லை. சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கம் சமம் 1 என்று பத்தாம் வகுப்பில் ஓதினோமே, அதுவும் வருகிறது: கடிகாரம் ஓடும் வீதத்தின் வர்க்கம் கூட்டல் வேகத்தின் வர்க்கம் சமம் 1. வேகம் ஒளியில் 0.6 என்றால் கடிகாரம் 0.8. நமக்கு 10 நொடி போனால் கலத்தில் 8 நொடி. நமக்குப் பழகிய 3, 4, 5 முக்கோணமேதான்.

இதைச் சரிபார்க்க விண்கலம் தேவையில்லை, மியுவான் போதும். வளிமண்டலத்தின் உயரத்தில் பிறந்து தரையை நோக்கிப் பாயும் துகள் அது. சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. 1963-இல் வெளியான ஒரு சோதனையில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 560 மியுவான்களை எண்ணினார்கள். அந்த உயரத்தை இறங்கவே அவற்றுக்கு ஆயுளைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகும். அதனால் கடல் மட்டத்துக்கு வரும்போது 30 அளவில் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியவை 400-க்கும் மேல். வேகம் 0.994 என்று வைத்துப் பாருங்கள். வர்க்கம் எடுத்து 1-இலிருந்து கழித்து வர்க்கமூலம் கண்டால் 0.11 வருகிறது. மியுவானின் கடிகாரம் ஒன்பதில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடுகிறது. கடல் மட்டம் வரும்போது அதற்கு வயதாகவே இல்லை.

துகள் இயற்பியலில் இருப்பவர்கள் அதிவேகத் துகளுக்கு வேகத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. 0.99-க்குப் பிறகு எத்தனை ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அதற்குப் பதில் டேன்ஹெச்சுக்குள் இருக்கும் கோணத்தைச் சொல்கிறார்கள். ரேபிடிட்டி என்று பெயர். சாய்வைக் கூட்டினால்தான் சிக்கல். கோணத்தைக் கூட்டுவது வெறும் கூட்டல். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், துகள்களை முடுக்கி மோதவிடும் 27 கிலோமீட்டர் வளையத்தில் 2015 முதல் 2018 வரை சுற்றிய புரோட்டான்களுக்கு இந்தக் கோணம் சுமார் 9.5. அப்போது அவற்றின் வேகம், ஒளியின் வேகத்தைவிட நொடிக்கு 3 மீட்டர் குறைவு, அதாவது சைக்கிள் போகும் வேகம் அளவுக்குத்தான் குறைவு. இரண்டு புரோட்டான்கள் நேருக்கு நேர் வருகின்றன. ஒன்றின் மேல் உட்கார்ந்து மற்றதைப் பார்த்தால் கோணம் 19. அந்தப் புரோட்டானுக்கும் ஒளிக்கும் ஒரு வருடம் முழுக்க ஓட்டப் பந்தயம் வைத்தால் ஒளி ஜெயிக்கும், ஒரு முழம் வித்தியாசத்தில்.