முதல் ஐந்து நிமிடம் ஓடினால் போதாது

பழைய திரைப்பட டிவிடிகளை வாங்கிச் சோதித்து விற்பது என் தொழில். இந்த வாரமும் ஒருவர், வேறெங்கோ வாங்கிய வட்டுடன் வந்து நின்றார். பாதிப் படத்தில் காட்சி கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. விற்றவரைக் கேட்டால், "போட்டுப் பார்த்துத்தானே கொடுத்தேன், நன்றாக ஓடியதே" என்கிறாராம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பதில் இது.

அவர் பொய் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஐந்து நிமிடம், கடைசியில் ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். கோளாறே அங்குதான். டிவிடியின் பதிவு நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டாக இருந்தால், பெரும்பாலான படங்களில் முதல் அடுக்கு வெளிப்பக்கம் முடிந்ததும் இரண்டாம் அடுக்கு அங்கிருந்தே திரும்பி உள்ளே வருகிறது. ஆக, தொடக்கமும் முடிவும் நடுத்துளை அருகே. இடைவேளையை ஒட்டிய காட்சிகள் விளிம்புப் பக்கம். விரல் பட்டு அழுக்கேறுவதும் அந்த விளிம்புதான். விற்பவர்களே, நீங்கள் சோதித்தது யாரும் தொடாத இடத்தை! 4.7 ஜிபி ஒற்றை அடுக்கில் முடிவுதான் விளிம்பில் இருக்கும். எந்த வட்டு என்று தெரியாதவர்கள் படம் நெடுகத் தாவித் தாவிப் பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் தாவாமல் ஓடவிடுங்கள்.

கீறலைக் கண்டதும் தூக்கிப்போடவும் வேண்டாம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் மெல்லிய கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பதிவின் தடத்தோடு வளைந்து போகும் கீறல்தான் படத்தை நிறுத்தும். வட்டமாகத் துடைக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவது அதற்காகத்தான்.

பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம். டிவிடியில் பதிவுக்கு மேல் 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இருப்பதால் இயந்திரத்தில் கொடுத்து மெருகிடலாம். ப்ளூரேயில் இருப்பது 0.1 மி.மீ. மட்டுமே. தேய்த்தால் மீட்க வழியில்லை.

விசிடி வேறு கதை. அதில் வெள்ளி நிறப் பூச்சு இருப்பது பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியிலேயே. வாடகைக் கடையின் பழைய ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்த இடத்தில் ஓட்டை போல வெளிச்சம் தெரியும். ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிடுங்கள், அழகுக்காக யாரும் வாங்குவதில்லை.

நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால், நன்றாக ஓடினாலும் விற்கக் கூடாது. சுழலும் வேகத்தில் பிளேயருக்குள்ளேயே உடையலாம். அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் அது பெரும்பாலும் யாரோ எழுதிய பிரதி. திருட்டுப் பிரதியை விற்பது குற்றம், என்னிடம் கொண்டுவர வேண்டாம். பெட்டியின் பின்புறமுள்ள மண்டல எண்ணையும் பாருங்கள். இந்தியா 5ஆம் மண்டலம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 1ஆம் மண்டல டிவிடி இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம்.

இணையத்தில் எங்கும் கிடைக்காத படத்துக்காகத்தான் பலர் இன்னும் பழைய வட்டைத் தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு அட்டைப்படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். வட்டின் அடிப்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த நிமிடத்தில் தடுமாறுகிறது என்பதையும் எழுதிவிட்டு, விலையைக் குறைத்துச் சொல்லுங்கள். தயவுசெய்து.