ராக் பேண்டில் பாடும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

குரல் சிகிச்சை என் தொழில். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பாடகர்கள் என்று குரலை வைத்துப் பிழைக்கும் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அவர்களில் பழைய ராக் பாட்டுகளை வாசிக்கும் கவர் பேண்டுகளில் பாடும் பெண்கள் மட்டும், ஆள் மாறினாலும் கதை மாறாமல் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல பயிற்சி, நல்ல காது. ஒரு பேண்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "ரிகர்சல் முடிஞ்ச மறுநாள் காலைல போன்ல பேசினா, அம்மாவுக்கே என் குரல் அடையாளம் தெரியல மேடம்" என்றார். பேண்டில் அவரிடம் சொன்னார்களாம்: "குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா ராக்குக்கு வெயிட் பத்தாது." அந்த வெயிட்டைக் கொண்டுவரத்தான் மூன்று மாதமாகத் தொண்டையை அழுத்தி அழுத்திப் பாடியிருக்கிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த படத்தில், குரல் நாண்கள் இரண்டிலும் நேரெதிரே சின்ன வீக்கம் தெரிந்தது.

நான் கேட்டது ஒன்றுதான். "எந்த ஸ்கேலில் பாடுகிறீர்கள்?"

"ஒரிஜினல் ஸ்கேல்தான் மேடம். அதை மாத்தலாமா என்ன?"

தாராளமாக மாற்றலாம். ஸ்கேல் என்பது பாட்டை எந்தச் சுருதியில், எவ்வளவு உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்பதுதான். மாற்றாமல் விடுவதால்தான் நல்ல பாடகிகள் பலர் "இந்த இசைக்கு நான் ஆகமாட்டேன்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

காரணம் எளிது. ஆணின் குரல் நாண்கள் நீளமானவை, தடித்தவை. பேசும்போது அவை வினாடிக்குச் சுமார் 110, 120 முறை அதிரும். பெண்ணுக்கு அது 200-ஐ ஒட்டி இருக்கும். கிட்டத்தட்ட முக்கால் ஸ்தாயி வித்தியாசம். பழைய ராக் பாட்டுகளில் பெரும்பாலானவை உயர்ந்த குரல் கொண்ட ஆண்கள் பாடியவை. ராபர்ட் பிளான்ட், ஃப்ரெடி மெர்குரி, ஸ்டீவ் பெர்ரி போன்றவர்கள் சரணத்தைத் தங்கள் குரலின் நடுப்பகுதியில் பாடிவிட்டு, கோரஸ் வரும்போது தங்கள் எல்லைக்குப் போய் நிற்பார்கள். நம்மைச் சிலிர்க்க வைப்பது அந்த எல்லைதான். 440 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 440 அதிர்வு, அதன் பக்கத்தில் ஓர் ஆண் முழுக் குரலில் கத்திப் பாடும்போது அவர் உடம்பு மொத்தமும் அதில் இறங்கியிருக்கிறது.

இப்போது அதே பாட்டை, அதே ஸ்கேலில் ஒரு பெண் பாடுகிறார். சரணம் அவருடைய குரலின் அடித்தட்டில் போய் விழுகிறது. அங்கே குரலுக்கு வலு குறைவு, டிரம்ஸ் அதை விழுங்கிவிடும். கேட்க வைப்பதற்காகத் தொண்டையை இறுக்குகிறார். அப்புறம் கோரஸ். 440 ஹெர்ட்ஸ் அவருக்கு எல்லையே கிடையாது, நடுவீடு. எட்டிவிடுகிறார், ஆனால் எட்டிப் பிடிக்கும் அந்தத் தவிப்பு ஒலியில் இல்லை. கேட்பவர்கள் "சுதி சரி, நெருப்பு இல்லை" என்கிறார்கள். உடனே அவர் அடிக்குரலை மேலே தள்ளித் தள்ளி நெருப்பு வரவழைக்கப் பார்க்கிறார். கீழேயும் காயம், மேலேயும் காயம். குரலில் ஒரு குறையும் இல்லாத ஒருவருக்கு இது நடக்கிறது.

பெண்ணுக்காக ஸ்கேலை மாற்றுவது என்றால் இறக்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி) ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் சரணம் காதில் விழும் இடத்துக்கு வருகிறது, கோரஸ் அவருடைய சொந்த எல்லையைத் தொடுகிறது. ஆண்களே கூரையைப் பிய்த்துக்கொண்டு பாடிய சில பாட்டுகளுக்கு அசல் ஸ்கேலே பொருந்திவிடும். சிலவற்றை இறக்கவும் வேண்டிவரும். பாட்டுக்குப் பாட்டு, குரலுக்குக் குரல் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சரணத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் கோரஸின் மிக உயர்ந்த சுரத்தையும் கீபோர்டில் கண்டுபிடித்து, இரண்டும் உங்கள் வலுவான பகுதிக்குள் அடங்கும்வரை நகர்த்திப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம் போதும்.

கிட்டாரிஸ்டுகளின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ராக் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) பல, கையால் அழுத்தாத திறந்த தந்திகளின் முழக்கத்தை நம்பி உருவானவை. ஸ்கேலை மாற்றினால் அந்த முழக்கம் போய்விடும் என்பது உண்மையான கவலை. ஆனால் வழி இருக்கிறது. தந்திகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மூன்றாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) மாட்டினால் மூன்று அரைச்சுரம் ஏறிவிடும், விரல் வடிவம் மாறாது. கனமான பாட்டுக்குக் கேப்போ ஒலியை மெலியவைக்கிறது என்றால் வேறு திறந்த தந்திக்குப் போகலாம். ஈ (E) ஸ்கேலில் இருக்கும் பாட்டை ஏ-வுக்கு (A) கொண்டுபோனால் ஐந்து அரைச்சுரம் ஏறுகிறது, அங்கேயும் திறந்த தந்தி இருக்கிறது. டி-யிலிருந்து ஜி-க்குப் போவதும் அப்படியே. எதற்கும் வளைந்து கொடுக்காத பாட்டு சில இருக்கத்தான் செய்யும். அதை வேறொருவர் பாடட்டும், அல்லது பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள்.

ஒரிஜினல் ஸ்கேலைப் புனிதமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வயதான பிறகு மேடையேறும் பழைய ராக் குழுக்கள் பல, தங்கள் பாடகருக்காகத் தங்கள் பாட்டுகளையே இறக்கித்தான் வாசிக்கின்றன. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரைப் பல பதிவுகளில் அரைச்சுரம் இறக்கித்தான் சுதி சேர்த்திருந்தார். படைத்தவர்கள் எடுத்துக்கொண்ட சுதந்திரம் கவர் பேண்டுக்கு இல்லாமல் போகுமா?

இந்த இசைக்குள் பெண்குரல் வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்ற எண்ணமும் தவறு. லெட் செப்பெலின் குழு 1971-ல் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தில் அதன் பாடகர் ராபர்ட் பிளான்டுக்கு இணையாக ஒரு பெண் பாடுகிறார். அவர் சாண்டி டென்னி. அந்தக் குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்களில் விருந்தினராகக் குரல் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 ஆல்பத்தின் முதல் பாட்டில், நள்ளிரவில் அழைக்கப்பட்டு வந்து பாடிய மெர்ரி கிளேட்டனின் குரல் உச்சத்தில் உடைவதை இன்றும் கேட்கலாம். அந்த உடைவு இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை. பிங்க் ஃபிலாய்டின் 1973 ஆல்பத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு முழுப் பாட்டையும் தூக்கி நிறுத்துபவர் கிளேர் டோரி. அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004-ல் வழக்குப் போட்டு, 2005-ல் சமரசம் ஆன பிறகுதான் அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. இந்தக் கதையை என்னிடம் வரும் பாடகிகள் எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு. பெண்ணின் உழைப்பு பாட்டுக்குள் இருந்திருக்கிறது, உருவாக்கியவர்கள் பட்டியலில்தான் விடுபட்டிருக்கிறது.

2012-ல் அமெரிக்காவின் கென்னடி சென்டர் விழாவில் லெட் செப்பெலினைக் கௌரவித்தபோது, அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் ஹார்ட் குழுவின் ஆன் வில்சன். கேட்டுக்கொண்டிருந்த பிளான்டின் கண்கள் கலங்கின. தன் பாட்டை ஒரு பெண் பாடக் கேட்டு, முதலில் பாடியவரே கலங்கிய காட்சி அது. ஆன் வில்சன் அங்கே பிளான்டைப் போலப் பாட முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் சொந்தக் குரலிலேயே பாடினார்.

இனி மேடைக்கு வருகிறேன். நான் பார்க்கும் காயங்களில் பாதி ஸ்கேலால் வருபவை என்றால் மீதி சத்தத்தால் வருபவை. சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரல் நாம் அறியாமலே உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை விளக்கி எழுதினார். டிரம்ஸும் இரண்டு கிட்டார் ஆம்பும் மூடிய அறையில் முழங்கும்போது, "நான் அடக்கித்தான் பாடுவேன்" என்று உறுதி எடுத்துக்கொண்டு போனாலும் நடக்காது. தன் குரல் தன் காதில் விழாதவர் கத்தித்தான் தீருவார். கிட்டாரும் சிம்பலும் ஆளும் அதிர்வெண்களில்தான் பாடும் வார்த்தையின் தெளிவும் இருக்கிறது என்பதால், அங்கே குரல் சுலபமாக மூழ்கிவிடும்.

ஆகவே மானிட்டரில் (மேடையில் பாடுபவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியில்) உங்கள் குரலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். மற்றவை அப்புறம். "குரலைக் கூட்டுங்கள்" என்பதைவிட "கிட்டாரைக் கொஞ்சம் குறையுங்கள்" என்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பார்க்க ராக் மாதிரி இருக்கும், ஆனால் மைக் எல்லாப் பக்கமும் ஒலி வாங்க ஆரம்பித்து வீறிடும். உடனே ஒலிக் கலைஞர் உங்கள் அளவைக் குறைப்பார், நீங்கள் இன்னும் கத்துவீர்கள். காதையும் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குரல் நாண் முடிச்சு (நாண்களில் வரும் சின்னத் தடிப்பு) பெரியவர்களில் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சுருதி உயர உயர நாண்கள் ஒன்றோடொன்று மோதும் எண்ணிக்கையும் உயரும். சராசரியாக 350 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேர செட் (மேடையில் தொடர்ந்து பாடும் ஒரு சுற்று), அதில் பாதி நேரம்தான் வாய்திறந்து பாடுகிறீர்கள் என்றாலும் ஆறு லட்சத்துக்கு மேல் மோதல். அழுத்திப் பாடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும்.

கம்மிய குரல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கஷாயத்தையும் மிட்டாயையும் விட்டுவிட்டுக் குரல் நாணை நேரில் பார்க்கும் பரிசோதனைக்குப் போங்கள். முடிச்சு என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் முதல் வைத்தியம் குரல் பயிற்சிதான், கத்தி கிடையாது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று நின்றுபோனால் கதை வேறு. நாணில் ரத்தக் கசிவாக இருக்கலாம். அந்த நிமிடமே நிறுத்துங்கள். அடுத்த பாட்டு வேண்டாம், கிசுகிசுப்பும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் நாண்கள் லேசாக வீங்கும், ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். அந்த நாட்களில் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு கனமான பாட்டு பாடுவது ஆபத்து. ஆண் ஹார்மோன் தன்மை கொண்ட மருந்து எதையாவது யாராவது எழுதிக் கொடுத்தால், நீங்கள் பாடகி என்று சொல்லுங்கள். அதனால் தடித்த குரல் திரும்பாமலே போகலாம். ராக்கின் அந்தக் கரகரப்பைத் தொண்டையைக் கிழிக்காமல் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் ஒலித்தட்டைக் கேட்டு நீங்களாகவே போலி செய்து கற்காதீர்கள்.

பேண்டில் இடம் என்பது மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயம்தான். ஆனாலும் குரலில் கொண்டுவந்து விடுகிறது. பெண் வந்துவிட்டால் "பெண் பாட்டு" மூன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் டாம்பரின் தட்டச் சொல்லும் பேண்டுகள் உண்டு. அந்த மூன்றில் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்துக் கத்துவார்கள். முழு செட்டும் பாடுபவருக்கு அந்தப் பதற்றம் இல்லை. கனமான பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல், இடையே மெதுவானதையும் இன்னொருவர் லீட் பாடுவதையும் சேர்த்துச் செட் லிஸ்ட் போடுங்கள்.

ஆடிஷனுக்குப் போகும்போது ஸ்கேலை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். அங்கே போய்க் கெஞ்ச வேண்டாம். கையில் உங்கள் பாட்டு இரண்டோடும் போங்கள். பாடகி கிரேஸ் ஸ்லிக் 1966-ல் ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற ராக் குழுவில் சேர்ந்தபோது, தன் பழைய குழுவில் பாடிய இரண்டு பாட்டுகளைக் கொண்டுபோனார். 1967-ல் இரண்டுமே அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேண்டில் இன்னொரு பாடகியின் இடத்துக்கு வந்தவர் அவர்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு எட்டு வாரம் பயிற்சி நடந்தது. ஸ்ட்ரா வழியாக ஊதிப் பாடுவது, அழுத்தாமல் தொடங்குவது, இரண்டு பாட்டுக்கு நடுவே தொண்டையைத் தளர்த்துவது எல்லாம் வீட்டில் விடாமல் செய்தார். வீக்கம் வடிந்தது. கடைசி வாரத்தில் அவர் பேண்டின் கிட்டாரிஸ்டும் கூட வந்தார். கூச்சமாகத்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் கிட்டாரையும் கேப்போவையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண்ணைத் தொல்லைப்படுத்திய பாட்டு ஒன்றை எடுத்தோம். இரண்டாவது ஃப்ரெட்டில் பரவாயில்லை. மூன்றில் சரணம் தெளிவாக வந்தது. நான்கில் கோரஸ் தொடங்கி இரண்டு வரி போனதும் கிட்டார் நின்றுவிட்டது. என்னவோ தப்பு என்று அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார் கிட்டாரிஸ்ட். "இன்னொரு தடவை பாடேன்."