பழைய காருக்குப் புது நிறம்: பெயின்டா, ரேப்பா, ஆர்.சி.க்கு எது சரி?

காரின் மேல் ஒட்டும் நிற ஃபிலிமைத்தான் ரேப் (wrap) என்கிறோம். "ரேப் ஒட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம், அது வெறும் ஸ்டிக்கர்தானே" என்று கடைகளில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வெள்ளைக் காருக்கு வெள்ளை ரேப் ஒட்டினாலும் சரி, அதே வெள்ளையில் மறுபடி பெயின்ட் அடித்தாலும் சரி, யாரிடமும் எதுவும் பதிய வேண்டியதில்லை. வெள்ளைக் கார் நீலமாகிவிட்டால் கதை வேறு. ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், நிறத்துக்கு என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியும் ரோட்டில் ஓடுகிற காரும் ஒத்துப்போக வேண்டும். நிறம் தூரிகையால் மாறியதா, ஸ்டிக்கரால் மாறியதா என்று அந்த வரி பார்க்காது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதி வாங்காமல் மாற்றிவிட்டால் 14 நாட்களுக்குள், நாம் குடியிருக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அதே பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்றும் இருக்கிறது. இதை வைத்து "நிறம் கட்டமைப்பு இல்லையே" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. வாதத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் பாம்பன் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்போது, பின்னால் குடும்பத்தையும் உட்கார வைத்துக்கொண்டு, சட்ட விளக்கம் பேசுவதைவிட ஆர்.சி.யில் நிறத்தை மாற்றி வைப்பது சுலபம். திருட்டுப் புகார், விபத்து, இன்ஷூரன்ஸ் சர்வே என்று எது வந்தாலும் அடையாளமாக முதலில் கேட்பது நம்பர், அடுத்தது நிறம்.

ஒரு நிறத்தை மட்டும் தொடவே வேண்டாம். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-வது விதி அதைப் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. பளபளப்பில்லாத ராணுவப் பச்சை ரேப் இப்போது இளைஞர்களுக்குப் பிடித்த சமாச்சாரம் என்பதால் சொல்கிறேன். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று இருக்கிற கரை எங்கள் ராமநாதபுரம் கரை. இங்கே அந்த நிறத்தில் சுற்றினால் வேண்டாத கேள்விதான் வரும்.

பழைய கார் என்றால் காகித வேலையில் வரிசை முக்கியம். முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் நிறம். நிற மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர். விற்றவர் பெயரிலேயே வண்டி இருந்தால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவரைத் தேடி அலைய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற வாங்கிய நாளிலிருந்து 14 நாட்கள்தான். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பெயர் மாறியதும் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் வண்டியை ராமநாதபுரம் அலுவலகத்துக்கோ பரமக்குடி பகுதி அலுவலகத்துக்கோ, எது உங்கள் எல்லையோ அங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். பட்டறை பில்லைத் தூக்கி எறியாதீர்கள். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தை முன்பே வாங்கி வையுங்கள். முடிந்தவரை வேலைக்குக் கொடுக்கும் முன்பே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. நிறம் மாறிய தகவல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் போகட்டும்.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். பானெட்டைத் தூக்கி உள் ஓரங்களையும், கதவைத் திறந்து கீல் பக்கத்தையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். அங்கே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம், ஆர்.சி.யில் எழுதியிருப்பது அந்த உள்பக்க நிறம் என்றால், பழைய உரிமையாளர் பதியாமல் மாற்றியிருக்கிறார். அவரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை உங்கள் தலையில் விழும்.

சரி, பெயின்டா ரேப்பா? இந்தக் கரையில் அதைத் துருதான் முடிவு செய்யும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி எங்கும் உப்புக் காற்று. தனுஷ்கோடி ரோட்டில் போய்வந்த காரின் அடிப்பாகத்தில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் இறங்கித் தரைத்தகடு உள்ளிருந்தே அரித்திருக்கும். சக்கர வளைவு, கதவின் அடி ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் தகடு, வைப்பர் அடியில் இலை தேங்கும் பள்ளம், இந்த இடங்களில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கொப்பளம் இருந்தால் ரேப் பேச்சை விடுங்கள். துரு மேல் ஒட்டிய ரேப் அதைக் குணப்படுத்தாது, மறைக்கும். ஓரத்தில் புகுந்த ஈரம் உள்ளேயே தங்கி வேலையைத் தொடரும். தகட்டில் ஓட்டை விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். அப்படிப்பட்ட காருக்கு டிங்கரிங், துருவைச் சுரண்டி எடுத்தல், பிரைமர், பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை), பெயின்ட் என்ற நீண்ட வழி மட்டுமே இருக்கிறது. பட்டியை மட்டும் கனமாக அப்பி மூடுகிற பட்டறையில் கொடுத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்பளம் திரும்பும்.

கம்பெனி பெயின்ட் உறுதியாக இருந்து, வெறுமனே மங்கிப்போயிருந்தால் ரேப் நல்ல தேர்வு. வேண்டாம் என்றால் உரித்துவிடலாம். ஆனால் நிற மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்திருந்தால், உரித்த பிறகு பழைய நிறத்தையும் மறுபடி பதிய வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். உள்ளூர்ப் பட்டறையில் முன்பே மறுபெயின்ட் அடித்த காரில், உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரக்கூடும். புதிதாகப் பெயின்ட் அடித்த உடனே மேலே ரேப் ஒட்டவும் கூடாது. நன்றாகக் காய வாரக்கணக்கில் ஆகும். நம்மூர் வெயிலில் கூரையிலும் பானெட்டிலும் உள்ள ரேப்தான் முதலில் வெளுத்து வெடிக்கும். விளக்குகள், நம்பர் பிளேட், கண்ணாடி ஆகியவற்றின் மேல் ரேப் ஏறக் கூடாது. கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்துவிட்டது.

காருக்கு வயது பதினைந்தை நெருங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. பதிவு முடியும் முன் 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது; கிடைப்பது 5 ஆண்டுகள். புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் அரித்த தகட்டையும் பார்ப்பார். ஆகவே அந்த வயதுக் காருக்கு முதலில் டிங்கரிங் பட்டறையில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் சொல்லும் தொகையோடு 5,000 ரூபாயையும் சேர்த்துக்கொண்டு, அப்புறம் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.