அந்தக் கடுகடுப்பு யாருடையது?

இறந்துபோன கணவரைப் பென்சிலில் வரைந்து தரச் சொல்லி ஓர் அம்மா வந்திருந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வரைந்து முடித்ததும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அச்சு அசல் அவரேதான். ஆனா இப்படிக் கடுகடுன்னு இருக்க மாட்டாரே தம்பி" என்றார்.

தப்பு என் கையில்தான். புருவம் மூக்கை நெருங்கும் இடத்தில் 4பி என்ற, கருமையாக விழும் பென்சிலை அழுத்திவிட்டேன். பிசைந்து பயன்படுத்தும் ரப்பரால் இரண்டு இடத்தில் ஒற்றியெடுத்தேன். உதட்டோரத்து நிழலையும் கொஞ்சம் குறைத்தேன். முகம் இளகிவிட்டது. அரிசியளவு கரிதான் ஒரு மனிதரைக் கோபக்காரர் ஆக்கியிருந்தது.

அதனால்தான், ஓவியத்தைப் பார்த்து "இவர் ரொம்பக் கறார்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. மேல் இமைக்கும் கருவிழிக்கும் நடுவே வெள்ளை தெரிந்தால் திடுக்கிட்ட முகம். உச்சியிலிருந்து விளக்கு விழுந்தால் கண்குழி இருண்டு சோகம் வந்துவிடும். இதெல்லாம் அந்த நேரத்து மனநிலையாக இருக்கலாம், வெளிச்சமாக இருக்கலாம், வரைந்தவரின் கையாகவும் இருக்கலாம். குணம் என்று சொல்ல இதில் ஆதாரமே இல்லை.

ஆனாலும் நாம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறோம். வில்லிஸ், டோடோரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே பார்த்தவர்களும் அந்த முகத்துக்குரியவர் நம்பத் தகுந்தவரா என்று தீர்ப்புச் சொன்னார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. அதன் மேல் அவர்களுக்கிருந்த நம்பிக்கைதான் கூடியது.

வயலின் மேதை பகனினியை 1819-இல் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் (Ingres) பென்சிலில் வரைந்தார். அமைதியான, கண்ணியமான மனிதர். 1831-இல் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா (Delacroix) தீட்டிய வண்ண ஓவியத்திலோ, இருட்டுக்குள் ஒடுங்கி வாசிக்கும் மெலிந்த உருவம். நடுவில் பன்னிரண்டு வருடங்கள் ஓடியிருந்தன, சரி. ஆனால் ஆங்கர் தன்னைச் சந்தித்த மனிதரைப் பார்த்தார், தெலாக்ருவா இசைக்குள் மூழ்கியவரைப் பார்த்தார். இதில் எது உண்மையான பகனினி என்று கேட்பதே வீண்.

வீட்டுப் பெரியவர்களை வரையக் கொடுக்கும்போது நாலைந்து போட்டோ கொண்டுவாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது ஒன்றாவது இருக்கட்டும். "சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்று ஸ்டுடியோவில் சொல்லி எடுத்த விறைப்பு அவருடைய சுபாவம் அல்ல. அப்புறம், அவரைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள். சிரித்தால் அவருக்கு முதலில் அசைவது கண்ணா, உதடா என்று இப்போதெல்லாம் பென்சிலை எடுக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்.