தர எண் விலையாகிவிடாது: பழைய வீடியோ கேம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் பழைய கேம் கன்சோல்களைப் பழுதுபார்ப்பதும், நல்ல நிலையில் இருப்பவற்றை வாங்கி விற்பதும் என் தொழில். 2021 வரை கடைக்கு வருகிறவர்கள் "இது ஓடுமா அண்ணா?" என்றுதான் கேட்பார்கள். அதன் பிறகு கேள்வி மாறிவிட்டது. "இதை அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கினால் எவ்வளவுக்குப் போகும்?" என்கிறார்கள். கிரேடிங் என்பது பொருளின் நிலையைப் பார்த்து எண் போட்டுத் தரும் தரச்சான்று. பெரும்பாலோருக்கு என் பதில் பிடிப்பதில்லை. சாலிடரிங் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் விளக்கவும் முடிவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

இந்த ஆசைக்கு விதை போட்டது ஒரு ஏலச் செய்தி. 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பதினொன்றரைக் கோடி ரூபாய். அதற்கு இரண்டு நாள் முன்பு 'லெஜண்ட் ஆஃப் செல்டா' 8.7 லட்சம் டாலருக்கும், அதே ஆண்டு ஏப்ரலில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 6.6 லட்சம் டாலருக்கும் விற்றிருந்தன. தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டவர்கள் பரணில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் செய்திகள் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64 உலகம் முழுவதும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம். அரிய பொருளே அல்ல. அரிதாக இருந்தது அந்த ஒரு பிரதியின் நிலை. தொழிற்சாலை உறை பிரிக்கப்படாமல், பெட்டியின் மூலைகூட மடங்காமல் இருபத்தைந்து ஆண்டு கடந்திருந்தது. இன்னொன்று, 15.6 லட்சம் டாலர் என்பது ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை அல்ல. சுத்தியல் விழுந்தது 13 லட்சத்தில். மீதி, வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டிய 20 சதவீதக் கட்டணம்.

அந்தப் பிரதிக்கு எண் கொடுத்தது வாட்டா என்ற தரச்சான்று நிறுவனம். அதற்கு முன்பிருந்தே விஜிஏ என்ற நிறுவனம் இந்த வேலையைச் செய்துவருகிறது. காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தரம் பார்த்துவந்த சிஜிசியும் பின்னர் இதில் இறங்கியது. வாட்டா அளவுகோலில் பெட்டிக்கு 10 வரை ஓர் எண். மேலுறைக்குத் தனியாக ஓர் ஆங்கில எழுத்து. மாரியோ 64 வாங்கியது 9.8, உறைக்கு ஏ பிளஸ் பிளஸ். விஜிஏவின் அளவுகோல் 100 வரை போகும். பிரித்த கேம் என்றால் பெட்டி, கையேடு, கேசட் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள். பிரிக்காத கேமில் அது முடியாது. உறையின் மடிப்பும் ஒட்டும் அந்தக் காலத் தொழிற்சாலை வழக்கப்படி இருக்கின்றனவா, யாராவது மறுபடி உறை போட்டிருக்கிறார்களா என்று வெளியிலிருந்து ஆராய்வார்கள். பிறகு கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, வரிசை எண்ணோடு திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டியை உடைத்தால் சான்றும் போய்விடும். உள்ளே உள்ள கேசட் இன்றைக்கு ஓடுமா என்று அந்த எண் சொல்வதில்லை. சேமிப்பு வசதிக்காகச் சிறு பேட்டரி வைத்த கேசட்டுகள் பலவற்றில், உறை பிரியாமலேயே பேட்டரி செத்திருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையைத்தான் காட்டுவேன். கொலுசுக்கு டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்த்தால் எண் வருகிறது. அந்த எண்ணை அன்றைய வெள்ளி விலையோடும் எடையோடும் பெருக்கினால் ரூபாய் வந்துவிடும். ஹால்மார்க் மையமும் உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம் வாங்குகிறது. வீடியோ கேமுக்கு தினசரி விலைப் பலகை கிடையாது, 9.8ஐ எதோடு பெருக்குவது? வேறொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. கேம் தரச்சான்றில் பொருளின் மதிப்பு என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் தொகை ஏறினால் கட்டணமும் ஏறும். பொருள் விலை கூடக்கூட வருமானமும் கூடும் ஒருவர்தான் அதற்கு எண் போடுகிறார். இதில் மோசடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

அமெரிக்காவிலேயே இது பெரிய சர்ச்சையானது. 2019இல் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பிரதி முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது, அதைச் சேர்ந்து வாங்கிய மூவரில் ஒருவர் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவரே வாட்டாவின் ஆலோசகராகவும் இருந்தார். 2021 ஆகஸ்டில் ஒரு யூடியூபர் இவற்றையெல்லாம் கோத்து, விலை செயற்கையாக ஏற்றப்பட்டது என்று காணொளி வெளியிட்டார். இரு நிறுவனங்களும் மறுத்தன. அடுத்த ஆண்டு வாட்டா மீது நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. உச்சத்தில் வந்த விலையை வைத்து உங்கள் வீட்டுப் பொருளுக்குக் கணக்குப் போடாதீர்கள் என்பது மட்டும் என் ஆலோசனை. அந்த வேகம் பிறகு நீடிக்கவில்லை. பல கேம்களின் விலை இறங்கிவிட்டது.

சரி, சேலம் வீடுகளில் உண்மையில் என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் விளையாடியதில் பெரும்பகுதி லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் மாதிரியான எட்டு பிட் கருவிகள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் விற்ற ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றோடு வந்த 'லட்சம் கேம்' கேசட்டைத் திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு கேம்கள் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். இவற்றுக்குச் சான்றும் கிடையாது, அமெரிக்கச் சந்தையும் கிடையாது. அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் மகனின் கேசட்டுகளைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துவந்தார். எல்லாம் நகல்தான். அதற்காகத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. இணைப்பு முனைகளைத் துடைத்து, பேரனுக்கு ஓடவைத்துக் கொடுத்தேன். அந்த வேலைக்கு மட்டும் கூலி வாங்கினேன்.

ஏற்காட்டிலிருந்து வருபவை வேறு ரகம். விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெற்றோர் வாங்கிவந்த கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் என்ற நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிகள். இவற்றில் அசலும் உண்டு, அங்கேயே கடைத்தெருவில் வாங்கிய போலியும் உண்டு. குறிப்பாக போக்கிமான் கேசட் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவேன். கேம் பாய் அட்வான்ஸ் அசலில், லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு இலக்க எண் அழுத்திப் பதிந்திருப்பது தெரியும். அடிப்பக்கத்தில் தங்க முனைகளுக்குச் சற்று மேலே சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். பின்புறத் திருகு மூன்று கால் வடிவம். சாதாரண நட்சத்திரத் திருகு இருந்தால் ஒன்று போலி, அல்லது யாரோ திறந்திருக்கிறார்கள். எழுத்து மங்கலாகவும் நிறம் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும் லேபிளைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குப் பழகிவிட்டது. உங்களுக்குப் பழகாவிட்டாலும் முதல் மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

வட்டுகளில் இன்னும் சுலபம். முதல் பிளேஸ்டேஷனின் அசல் வட்டுக்கு அடிப்பக்கம் கறுப்பு. பிளேஸ்டேஷன் 2 வட்டு வெள்ளி நிறம். சில கேம்களுக்கு நீலம். ஊதா படிந்து தெரிந்தால் அது வீட்டில் எழுதிய டிவிடி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் எல்லோரும் வாங்கியது அதைத்தான். ஆனால் அசல் இந்திய வெளியீடுகளை ஒதுக்கிவிடாதீர்கள். இந்தியாவிலேயே உருவாக்கி 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' போன்றவை பெட்டியும் கையேடும் கெடாமல் இருந்தால், நம் நாட்டுச் சேகரிப்பாளர்களே கேட்கிறார்கள். அதற்கு அமெரிக்கச் சான்று எதற்கு?

அசலாக இருந்தும் நம் மலையும் வெயிலும் தரத்தைத் தின்றுவிடுகின்றன. ஏற்காடு எஸ்டேட் பங்களாக்களில் மழைக்காலம் முழுவதும் அலமாரிக்குள் ஈரம் நிற்கும். அட்டைப்பெட்டியில் பழுப்புப் புள்ளி, கையேட்டில் பூஞ்சை, ஸ்டேபிள் முள்ளைச் சுற்றித் துரு. கீழே சேலத்தில், சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் பரணில் கிடந்தால் மேலுறை சுருங்கி இழுத்துப் பெட்டியின் மூலையை வளைத்துவிடும். சாம்பல் நிற பிளாஸ்டிக் மஞ்சளாகும். தரையோடு ஒட்டாத, வெயில் படாத, வீட்டின் உள்சுவர் அலமாரிதான் நல்ல இடம். சிலிக்கா பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். கிழிந்த பெட்டிக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், தின்னர் தொடாதீர்கள், பழைய விலை ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். ஸ்டிக்கரோடு அட்டையின் அச்சும் வரும். லேமினேட் செய்து கொண்டுவந்த ஒரு கையேட்டை இன்னும் நினைத்து வருந்துகிறேன்.

அனுப்புவதா வேண்டாமா என்பதை இப்படிக் கணக்கிடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். சான்றில்லாமல் எட்டாயிரம் ரூபாய் போகும் கேம். சான்றுக் கட்டணம் ஐயாயிரம், காப்பீட்டோடு போகவர கூரியர் ஆறாயிரம் என்று வையுங்கள். பத்தொன்பதாயிரத்துக்கு மேல் விற்றால்தான் உங்கள் கைக்கு ஏதாவது மிஞ்சும். திரும்பி வரும்போது, அது இங்கிருந்தே போன பொருள் என்பதற்கான ஏற்றுமதி ஆவணம் இல்லாவிட்டால் சுங்கத்தில் புது இறக்குமதியாகக் கருதி வரி கேட்கலாம். அமெரிக்காவுக்குள் நுழையும்போதும், 800 டாலர் வரைக்கும் இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. எண் 7 என்று வந்தால் சான்று உங்களுக்குச் சாதகமாக இராது. வாங்குகிறவர் அதையே காட்டி விலையைக் குறைப்பார்.

விலை பார்க்க ஈபேயில் விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் வெறும் கேசட், பெட்டியோடு முழுமையானது, பிரிக்காதது என்று தனித்தனி விலை கிடைக்கும். நம்மிடம் உள்ளவற்றில் பல ஐரோப்பிய அல்லது ஆசியப் பதிப்புகள். அமெரிக்கப் பதிப்பின் விலை அவற்றுக்குப் பொருந்தாது. எத்தனை முறை சொன்னாலும் கடையில் இதற்குத்தான் சண்டை வருகிறது. பிரிக்காத, சந்தேகமில்லாத, செலவைப் போல் பல மடங்கு விலை போகக்கூடிய பொருளுக்கு மட்டும் சான்று வாங்கலாம். அப்போதும் வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருந்தால்தான்.

சான்றுப் பெட்டியோடு யாராவது உங்களிடம் விற்க வந்தால், வரிசை எண்ணைச் சான்று நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். கேமின் பெயர், தரம், படம் இருந்தால் படம், எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது புதிதாக வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உங்கள் கேசட்டின் படத்தைக் கேட்பார்கள். இரண்டு லட்சம் போகும் என்பார்கள். சான்றுக்கும் 'கிளியரன்ஸ்' செலவுக்கும் முன்பணம் கேட்பார்கள். பழைய நாணயம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு என்று நடந்த அதே வித்தை. ரிசர்வ் வங்கியே 2021இல் அதைப் பற்றி எச்சரித்தது. சான்று நிறுவனங்கள் அழைக்காமலே உங்களுக்குப் போன் செய்து வாங்குபவரைப் பிடித்துத் தருவதில்லை. அவர்கள் வேலை எண் போடுவதோடு முடிந்தது. பணம் கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை உடனே அழையுங்கள். போன பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்க வழி உண்டு. பரிவர்த்தனை எண், அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, கணக்கு விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள்.