சிங்கப்பூர் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது போன் போடுவார். "சார், சிங்கப்பூர்ல ஒரு கார் பாதி விலைக்கு வருது, இங்க கொண்டுவந்து டிஎன் நம்பர் போட எவ்வளவு ஆகும்?" நான் முதலில் கேட்பது விலையை இல்லை, தயாரித்த தேதியை.

பழைய காரை இந்தியாவில் இறக்க வேண்டுமானால் அது தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தயாராகி, ரிஜிஸ்டர் ஆகி அல்ல. ஒருவர், "வண்டி ரோட்டுக்கு வந்தே ரெண்டரை வருஷம்தான்" என்று அடித்துச் சொன்னார். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அது சட்டப்படி ஆதாரம் ஆகாது, ஆனால் உண்மையைச் சொல்லிவிடும். கார் பத்து மாதம் ஷோரூமிலேயே நின்றிருக்கிறது! அட்வான்ஸ் போனது போனதுதான்.

அப்புறம் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், எனவே துபாயில் ஆசையாக ஓட்டிய வண்டியை மறந்துவிடுங்கள். பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். எண்ணூரிலிருந்து கப்பல் கப்பலாகக் கார் ஏற்றுமதி ஆகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. புது கார் என்றால் சென்னையிலேயே இறக்கலாம்.

பலர் ஏமாறுவது மதிப்பீட்டில். நாற்பது லட்சம் காரைப் பதினைந்துக்கு வாங்கினேன், வரியும் பதினைந்துக்குத்தானே என்பார்கள். இல்லை. சுங்கத்துறை அந்தக் காரின் புது விலையில் தொடங்கி, முதல் ஆண்டு காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டு 3, மூன்றாம் ஆண்டு 2.5 என்று தேய்மானம் கழிக்கும். இரண்டு வருடக் கார் என்றால் 28 சதவீதம் போய், மதிப்பு 28.8 லட்சம். இதில் கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, அதன்மேல் வரி. அந்த வரி காரின் மதிப்பையே தாண்டும். கடைசியில் ஆர்டிஓவுக்குப் போனால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம்.

சரி, இந்தத் தலைவலியே வேண்டாம், ஏற்கெனவே இங்கே ஓடுகிற வெளிநாட்டுக் காரை வாங்குகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்சி புத்தகம் சுங்கவரி கட்டியதற்கு ரசீது ஆகாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் 'ஆபரேஷன் நும்கோர்' என்று சுங்கத்துறை சோதனை நடந்ததே, பூட்டான் வழியாகக் கடத்தி, போலி ஆவணத்தில் வெளிமாநிலத்தில் பதிவு செய்து விற்றதாகச் சந்தேகப்பட்ட கார்களை வாங்கியவர்களின் வீட்டிலிருந்தே எடுத்துப் போனார்கள். தூதரகத்துக்கென்று வரியில்லாமல் வந்தது, கார்னே பத்திரத்தில், அதாவது வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவர விடும் ஆவணத்தில், சுற்றுலாவுக்கு வந்து திரும்பிப் போகாதது, இப்படியும் சில வண்டிகள் சுற்றுகின்றன. பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதியின்போது சுங்கத்துறையில் தாக்கல் செய்த ஆவணத்தை, கேளுங்கள், அதிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

போன மாதம் ஒருவர் ஒரு ஜெர்மன் காருக்கான பில் ஆஃப் என்ட்ரியின் ஜெராக்ஸைக் காட்டினார். பதினேழு எழுத்து சேசிஸ் எண், நடுவில் தெளிவாக ஆங்கில 'ஓ'. பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் அந்த எண்ணில் 'ஓ' வரவே வராது. 'ஐ', 'க்யூ' இரண்டும்கூட வராது. அசலை வாங்கிக் கொண்டுவாங்க என்றேன். அதற்கப்புறம் விற்பவர் அவர் போனை எடுக்கவே இல்லையாம்.